இரண்டு மூடி அரிஷ்டம்

என் கணவரைக் குடியிலிருந்து மீட்டவள் நான் இல்லை. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னும் அது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இருபது வருடம் நான் செய்யாதது இல்லை. கெஞ்சினேன், ஏசினேன், பீர் டின்களைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போய் மெழுகுவர்த்தி கொளுத்தினேன். அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். குடித்தால் அடிக்கமாட்டார், கத்தமாட்டார். சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். 'அடிக்காத மனுஷன், உனக்கென்ன குறை' என்று என் சொந்தக்காரர்களே சொல்லுவார்கள். அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கிற மனுஷனோடு வாழ்ந்து பார்த்தால்தான் குறை தெரியும்.

எங்கள் கோயிலில் குடிக்கிற ஆண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் நாற்பது நாளும் தொடமாட்டார்கள். இவரும் அப்படித்தான். உயிர்ப்புப் பெருவிழா அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, முதல் டின்னை உடைப்பார். கடவுளுக்காக நாற்பது நாள் நிறுத்த முடிந்தவருக்கு எனக்காக நான்கு நாள் முடியவில்லை. கடவுள்மேல் பொறாமைப்பட்டேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அப்படி ஓர் உயிர்ப்பு விழா முடிந்த வாரத்தில்தான் அவருக்குக் கால் வீங்கியது. கண் மஞ்சளானது. கல்லீரல் கெட்டுக்கொண்டு வருகிறது, இனிக் குடித்தால் நாள் எண்ண வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, மறுநாளே குடித்தார். கோயிலில் கூடப் பாடுகிற ஓர் அக்காதான், பாயான் பாருவில் ஓர் ஆயுர்வேத வைத்தியர் இருக்கிறார், தன் தம்பியையே மீட்டுக்கொடுத்தார், போய்ப் பார் என்றார். நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். என் கையாலேயே கொண்டுபோய் விட்டேன் என்பதை மறக்காமல் குறித்துவைக்கிறேன்.

கடைவீட்டு மாடியில் இரண்டு அறையும் ஒரு கூடமும். வைத்தியர் ஆணாக இருப்பார், தாடி இருக்கும் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். உள்ளே இருந்தது முப்பத்தைந்து வயதுக்கு மேல் மதிக்க முடியாத ஒரு பெண். பைராம் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்து, கேரளாவுக்குப் போய் வைத்தியம் படித்துவிட்டு வந்தவள். எல்லோரும் 'டாக்டர்' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். நான் 'அவள்' என்றே எழுதுகிறேன். என் வயதுக்கு அந்த உரிமை உண்டு, என் வயிற்றெரிச்சலுக்கும் உண்டு.

என் கணவரின் கையைப் பிடித்து மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவர் அசையாமல் இருந்தார். நான் கையைத் தொட்டால் கொசு உட்கார்ந்தது போல உதறுகிறவர். பிறகு அவள் கண்ணைத் திறந்து சொன்னாள்.

"அண்ணே, மொதல்ல ஹாஸ்பிட்டல் போங்க. இத்தன வருஷம் குடிச்ச ஒடம்பு, முன்ன மாதிரி தாங்காது, இப்பப் படக்குனு நிறுத்துனா வலிப்பு வந்துரும். அங்க டாக்டருங்க பாத்து நிறுத்தட்டும். அப்புறம் இங்க வாங்க. ஒடம்ப நான் பாத்துக்கறேன்."

உடம்பை அவள் பார்த்துக்கொள்வாளாம். இருபத்திரண்டு வருடமாக அந்த உடம்பைப் பார்த்துக்கொண்ட நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"சரிங்க டாக்டர்," என்றார் என் கணவர்.

இறங்கி வந்து காரில் உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏங்க, ஹாஸ்பிட்டல்ல போய்ப் படுங்கன்னு நானும்தானே சொன்னேன்?"

"நீ எப்போ சொன்ன?" என்றார், உண்மையிலேயே ஞாபகமில்லாமல்.

அரசாங்க மருத்துவமனையில் பத்து நாள் இருந்தார். கை நடுக்கமும் வியர்வையும் அடங்கிய பிறகு அவளிடம் போனோம். ஒரு தாளைக் கொடுத்து அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். தானாக வாங்கிக் குடித்தால் வைத்தியம் அன்றோடு நிற்கும், மறுபடி சேர மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, புளிச்சது ஊறுனது எதுவும் குடுக்காதீங்க. தோச மாவு கூட வேணாம். வெளிய எந்த மருந்தும் வாங்காதீங்க. எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுக் குடுங்க."

என் வீட்டில் என் கணவருக்கு நான் எதைக் கொடுப்பது என்று இவளைக் கேட்க வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

முதலில் நெய். மூலிகை போட்டுக் காய்ச்சிய பச்சை நிற நெய், வெறும் வயிற்றில், நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக் கூட்டி. அதன் கசப்பு வாசனையே எனக்குக் குமட்டும். காலை ஆறரை மணிக்கு அவரை டத்தோ கெராமாட்டில் உள்ள எங்கள் ஃபிளாட்டிலிருந்து பாயான் பாருவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதே நெரிசலில் திரும்பி, பீச் ஸ்திரீட்டில் நான் பத்திரங்களைப் படித்துச் சரிபார்க்கும் கிராணியாக இருக்கும் வக்கீல் ஆபீசுக்கு ஓட வேண்டும். அவர் அந்த நெய்யை முகம் சுளிக்காமல் மடக்கென்று குடிப்பார். நான் வைத்த ரசத்தில் மிளகு தூக்கல் என்று தட்டைத் தள்ளியவர் இவர்.

பிறகு எண்ணெய் தேய்த்து ஆவி பிடிப்பது. இதைச் சொல்ல எனக்கே சிரிப்பாக இருக்கிறது, முதல் நாள் நான் ஆபீசுக்குப் போகாமல் கூடத்திலேயே காவல் உட்கார்ந்தேன். உள்ளே போய்த் தேய்த்தது கெப்பாலா பத்தாஸிலிருந்து வருகிற, கதவை அடைக்கிற அளவுக்கு உடம்புள்ள ஓர் ஆள். ஆண்களுக்கு ஆண்தான் தேய்ப்பார்களாம். அவள் நாடி பார்த்ததோடு சரி. என் சந்தேகத்துக்கு மூக்கு உடைந்தது. ஆனால் நிம்மதி வரவில்லை. வேறு மாதிரிக் குற்றமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நல்லது செய்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

பேதிக்குக் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்த பிறகு ஒரு வாரம் கஞ்சி. முதல் நாள் வெறும் கஞ்சித் தண்ணீர், மறுநாள் கொஞ்சம் சோற்றுப் பருக்கையோடு, அதன் பிறகு பாசிப்பயறு போட்டு. அவள் தாளில் எழுதிக் கொடுத்தாள், நான் அடுப்பில் நின்று வைத்தேன். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"டாக்டர் கஞ்சி நல்லா இருக்கு லா," என்றார்.

டாக்டர் கஞ்சி! அரிசி கழுவியது நான், கிளறியது நான், உப்புப் போடாமல் இறக்கியது நான். கிறிஸ்துமஸுக்கு நான் வைக்கிற வினிகர் போட்ட பன்றிக் கறிக்காக மூன்று தெரு தள்ளி இருப்பவர்களெல்லாம் வருவார்கள். அதற்கு ஒரு நாள் ஒரு சொல் சொன்னதில்லை. அன்று சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் அடி வெளுத்துவிட்டது.

மூன்றாவது வாரத்திலிருந்து மோர் தாரை. படுக்கவைத்து நெற்றியில் மருந்து மோரை நூல் மாதிரி விழவிடுவார்கள். அது முடிந்ததும் அரை மணி நேரம் அவள் அவரோடு உட்கார்ந்து பேசுவாள். ஒரு சனிக்கிழமை நான் முன்னதாகவே வந்துவிட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. ஒட்டுக்கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"வீட்டுக்குப் போனா அவ ஏதாச்சும் கேப்பா டாக்டர். இன்னிக்கி என்ன ஆச்சு, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்கன்னு. எனக்குப் பதில் சொல்ல வராது. குடிச்சிட்டுப் போனா கேக்கமாட்டா, ஏசுவா. ஏசுனா சும்மா இருந்துக்கலாம்."

என்னிடம் பதில் சொல்ல வராதவருக்கு அவளிடம் எவ்வளவு கோர்வையாக வருகிறது பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் யாரிடம் சொன்னார் என்பதுதான் என்னைச் சுட்டது. கீழே இறங்கிக் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது. முகத்தில் ரத்தம் ஓடியது. ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் அவர் கையைக் குலுக்கிக் குலுக்கி, அந்த டாக்டரம்மா கைராசி, கைராசி என்றார்கள். ஒருவராவது, இருபது வருடமாக இவரைத் தாங்கியவள் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று என் பக்கம் திரும்பவில்லை. அவர் வேலைக்குத் திரும்பினார். குடிப்பதில்லை. சாப்பிட்டார், பத்திரிகை படித்தார், தூங்கினார். எல்லாம் நான் கும்பிட்டுக் கேட்டதுதான். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

அந்த நினைப்போடுதான் ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தேன். அவருக்குப் பசி மட்டும் இன்னும் சரியாக எடுக்கவில்லை. அரைச் சோற்றோடு எழுந்துவிடுவார். வெளியூரில் படிக்கும் எங்கள் மகள் பிறந்தபோது எனக்கு இதே போலப் பசியில்லாமல் இருந்து, அரிஷ்டம் குடித்துத்தான் எடுத்தது. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு அது கொடுக்காமல் இருக்கமாட்டார்கள். கறுப்பாக, இனிப்பும் துவர்ப்புமாக, தொண்டையில் சூடாக இறங்கும். பச்சை உடம்புக்காரிக்கே கொடுக்கிற மருந்து இவரை என்ன செய்துவிடும்? அவரிடம் மிச்சமிருக்கும் அந்த ஒரு குறையையாவது நான் தீர்த்தேன் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நாட்டு மருந்துக் கடையில் இருந்தவர் புட்டியை எடுத்துக்கொண்டே கேட்டார். "புள்ள பெத்தவங்களுக்கா அக்கா?"

"ஆமாண்ணே," என்றேன். குடித்துக் கெட்ட புருஷனுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவர் புட்டியை மறுபடி அலமாரியில் வைத்திருப்பார்.

அன்று மாலை சாப்பாடு முடிந்ததும் இரண்டு மூடி அளந்து, சம அளவு வெந்நீர் கலந்து மங்குக் கோப்பையில் கொடுத்தேன்.

"என்னா இது?" என்றார்.

"பசி எடுக்க. நான் வாங்குனது. குடிங்க."

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"எல்லாத்துக்கும் அவங்கள கேக்கணுமா? நான் சொன்னா குடிக்கமாட்டீங்களா?"

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், கோப்பையை ஒரு முறை பார்த்தார். குடித்தார். வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மறுநாள் முழுச் சோறும் சாப்பிட்டார். மூன்றாம் நாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றார். நான்காம் நாள், "இன்னும் ரெண்டு மூடி குடேன்," என்றார். இவ்வளவு வருடத்தில் என் கையால் கொடுத்த எதையும் அவர் இரண்டாவது தடவை கேட்டதில்லை. நான் பெருமையோடு ஊற்றினேன். நான்கு மூடி ஊற்றினேன்.

ஐந்தாம் நாள் அவருக்கு வேலை இல்லை. ஐந்தரை மணிக்கு நான் ஆபீஸ் விட்டு வந்தபோது சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புட்டி காலி. முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழைய முகம். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புட்டியை எடுத்து முகர்ந்தேன். பிறகு, ஐந்து நாளில் முதல் முறையாக, லேபிளைப் படித்தேன். புளிக்கவைப்பதால் தானாகவே உண்டாகும் மதுசாரம் இதில் அடங்கியுள்ளது என்று பொடி எழுத்தில் இருந்தது. வக்கீல் ஆபீசில் நாள் முழுக்கப் பொடி எழுத்து படித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

"ஏங்க, இது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது," என்றேன். அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்." புட்டியை என் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தார். "கீழ கடையில போய் இன்னொண்ணு வாங்கிட்டு வரலாம்னு ரெண்டு தடவ சிலிப்பர மாட்டிட்டேன். கழட்டிட்டேன். என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. இப்பவே."

சாவியை எடுத்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அவர் மெல்லச் சொன்னார். "நீ ஒண்ணும் சொல்லாத. நானே வாங்கிக் குடிச்சேன்னு சொல்லிக்கறேன்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜெலுத்தோங் வரைக்கும் சொல்லவில்லை, பாலத்துக்குப் பிரியும் சாலையைத் தாண்டியும் சொல்லவில்லை. அந்தப் பெண் முன்னால் என் தலை தாழாமல் இருக்க அவர் தன் தலையைக் கொடுக்கிறார், நான் சிக்னல் போட்டுக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் கடையடைக்கிற நேரம். எங்களைப் பார்த்ததும் மறுபடி விளக்கைப் போட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு நாளாக அரிஷ்டம் குடித்ததையும் இன்று மிச்சத்தை முடித்ததையும் சொன்னார். "நானே வாங்குனது," என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து அவர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தாள்.

"அப்போ இங்க நிறுத்தணும்ணே. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நாளைக்கு ஹாஸ்பிட்டல்ல காட்டுங்க. மூணு மாசம் இங்க வர முடியாது."

மூன்று மாதம் இங்கே வர முடியாது என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். இனி இந்த மாடிப்படி ஏற வேண்டாம், டாக்டர் டாக்டர் என்று கேட்க வேண்டாம், இவர் எனக்கே எனக்கு என்று உள்ளே ஒன்று துள்ளியது. துள்ளியது நான்தான். அடுத்ததாகத்தான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், நடுக்கம் தெரியாமல் இருக்க. மூன்று மாதம் இந்தக் கைகளை நான் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? இருபது வருடம் வைத்திருந்துதான் பார்த்தேனே.

"அவர் வாங்கல," என்றேன். "நான்தான் வாங்குனேன். நான்தான் அளந்து குடுத்தேன். உங்களைக் கேக்கக் கூடாதுன்னுதான் கேக்கல."

அவள் என்னைத் திட்டினாள். நன்றாகவே திட்டினாள். "எத்தன மூடிக்கா? தண்ணி கலந்தா, கலக்காமலா? கேட்டுட்டுக் குடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? இந்தக் கல்லீரல வெச்சிக்கிட்டு வெளையாடறீங்களா?" என்னைவிட எவ்வளவோ சின்னவள் திட்டத் திட்ட நான் நின்று கேட்டேன். கேட்க வேண்டியதுதான்.

"அவள ஏசாதீங்க டாக்டர்," என்றார் என் கணவர்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். தாளைக் கிழிக்கவில்லை, மறுபடி அலமாரியில் வைத்தாள். அவர் தானாக வாங்கவில்லை என்பதால் நாளை காலை முதல் எல்லாம் ஆரம்பத்திலிருந்து என்றாள். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு நெய், பிறகு கஞ்சி.

"அக்காவுக்குத் தெரியல, சரி," என்றாள். "உங்களுக்கு மொத மூடியிலேயே தெரிஞ்சிருக்குமே அண்ணே. இருபது வருஷம் குடிச்ச நாக்கு. ஏன் வேணாம்னு சொல்லல?"

நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

"தெரிஞ்சிச்சு டாக்டர்," என்றார். "ஆனா நான் குடிக்கறதப் பாத்து அவ சிரிச்சா. கல்யாணமாகி இத்தன வருஷத்துல அப்படி ஒரு தடவ கூட சிரிச்சதில்ல. அத நிறுத்த எனக்கு மனசு வரல."

அது உண்மையா, இன்னும் இரண்டு மூடி கேட்ட நாக்கின் சாக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் என்னைப் பற்றி அவர் வாழ்க்கையிலேயே சொன்ன அந்த ஒரு நல்ல வார்த்தையை, பக்கத்தில் நான் நிற்கும்போதே, அவளிடம்தான் சொன்னார்.